வீடியோ எடிட்டிங்குக்கு கிராபிக்ஸ் கார்டு: முதலில் உங்கள் ஃபைலைத் திறந்து பாருங்கள்

எடிட்டிங்குக்கு எந்த கார்டு வாங்கலாம் என்று யாரைக் கேட்டாலும், கேம் ஓட்டிப் பார்த்து எடுத்த ஓர் அட்டவணையைத்தான் பெரும்பாலும் நீட்டுவார்கள். எந்த கேமில் நொடிக்கு எத்தனை ஃப்ரேம் என்ற அந்தக் கணக்கு எடிட்டிங்குக்குப் பாதிகூட உதவாது. எடிட்டிங்கில் கார்டுக்கு மூன்று தனித்தனி வேலைகள் இருக்கின்றன. மூன்றும் ஒரே சிப்பில்தான் நடக்கின்றன, ஆனால் ஒரே பகுதியில் அல்ல.

முதல் வேலை டிகோட்: கேமரா சுருக்கிப் பதிவு செய்த வீடியோவை ஃப்ரேம் ஃப்ரேமாக விரித்துக் கொடுப்பது. இரண்டாவது கணக்கீடு: நிறத் திருத்தம், ப்ளர், நாய்ஸ் குறைப்பு, மாஸ்க், அளவு மாற்றம் எல்லாம் இதில் அடங்கும். மூன்றாவது என்கோட்: முடிந்த வீடியோவை மறுபடி சுருக்கி எழுதுவது. முதலாவதற்கும் மூன்றாவதற்கும் சிப்பில் தனி சர்க்யூட் உண்டு. ஒரே தலைமுறைக்குள் அந்த சர்க்யூட்டின் திறமை கார்டுக்குக் கார்டு அவ்வளவாக மாறாது. என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3050-லும் ஆர்டிஎக்ஸ் 3090-லும் இருப்பது ஒரே என்கோடர், எண்ணிக்கையிலும் ஒன்றே ஒன்றுதான். எஃபெக்ட் எதுவும் இல்லாத டைம்லைனை எச்.265 என்ற சுருக்க முறையில் எக்ஸ்போர்ட் செய்தால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. விலை ஏறும்போது முக்கியமாக ஏறுவது நடு வேலைக்கான பலமும் மெமரியும்தான். மிக மேல்மட்ட கார்டுகளில் மட்டும் இதே சர்க்யூட்டுகளைக் கூடுதலாக வைக்கிறார்கள்: ஆர்டிஎக்ஸ் 5070-இல் ஒரு என்கோடர், 5080-இல் இரண்டு, 5090-இல் மூன்று.

ஆகவே, இப்போது உங்கள் கணினியில் மூன்றில் எது இடறுகிறது என்று தெரியாமல் கார்டு தேடுவது வீண்.

எது இடறுகிறது என்று கண்டுபிடிக்க

கேமராவிலிருந்து வந்த ஒரு கிளிப்பை எந்த எஃபெக்டும் போடாமல் டைம்லைனில் வைத்து ஓட்டுங்கள். அப்போதே திக்கித் திக்கி ஓடினால் சிக்கல் டிகோடில். வெறும் கிளிப் சீராக ஓடி, நிறத் திருத்தமோ நாய்ஸ் குறைப்போ போட்ட பிறகு மட்டும் திணறினால் கணக்கீட்டிலோ மெமரியிலோ குறை. ப்ளேபேக் எல்லாம் நன்றாக இருந்து எக்ஸ்போர்ட் மட்டும் இழுத்தால் என்கோட் அமைப்பைப் பாருங்கள். பல நேரம் அங்கே ஹார்ட்வேர் என்கோடிங் தேர்வே ஆகியிருக்காது. ப்ரீமியர் ப்ரோவின் பல பதிப்புகளில் 2 பாஸ் விபிஆர் (வீடியோவை இருமுறை அலசிச் சுருக்கும் முறை) தேர்ந்தெடுத்தால் எக்ஸ்போர்ட் தானாகவே சாஃப்ட்வேர் என்கோடிங்குக்குப் போய்விடும். புது கார்டு வாங்கியும் அரை மணி நேர ரெண்டர் அப்படியே இருக்கிறது என்ற புலம்பலுக்கு இது ஒரு வழக்கமான காரணம்.

விண்டோஸ் டாஸ்க் மேனேஜரில் ஜிபியு பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு இதைச் செய்தால் இன்னும் தெளிவாகும். வழக்கமாக அங்கே தெரிவது 3டி, காப்பி, வீடியோ டிகோட், வீடியோ என்கோட் என்ற வரைபடங்கள். எடிட்டிங் கணக்கீடு 3டி வரைபடத்தில் முழுதாகத் தெரியாது. ஒரு வரைபடத்தின் பெயரைச் சொடுக்கி கூடா (CUDA, என்விடியா கார்டின் கணக்கீட்டு முறை) அல்லது கம்ப்யூட் என்று மாற்றிக்கொள்ளுங்கள். “கார்டு 5 சதவீதம்தான் வேலை செய்கிறது” என்று சொல்பவர்களில் பலர் பார்த்துக்கொண்டிருப்பது தவறான வரைபடத்தை. வீடியோ டிகோட் பூஜ்யத்தில் படுத்திருக்க, ப்ராசசர் 100 சதவீதத்தைத் தொட்டால், உங்கள் ஃபைலை கார்டால் விரிக்க முடியவில்லை, அல்லது மென்பொருள் அதை கார்டிடம் கொடுக்கவில்லை.

இந்தச் சோதனையில் சிக்கல் டிகோடில் என்று தெரிந்தால், செலவழிக்கும் முன் ப்ராக்ஸி, அதாவது எடிட் செய்ய மட்டும் உருவாக்கும் இலகுவான பிரதி, போட்டுப் பாருங்கள். பாதி அல்லது கால் ரெசல்யூஷனில் ப்ரோரெஸ் ப்ராக்ஸி அல்லது டிஎன்எக்ஸ்ஹெச்ஆர் எல்பி ஃபைல்கள் உருவாக்கி எடிட் செய்தால், பழைய கார்டிலேயே 4கே டைம்லைன் வழுக்கிக்கொண்டு ஓடும். டிஸ்க்கில் இடமும் ப்ராக்ஸி உருவாகும் நேரமும்தான் செலவு. மாதத்துக்கு ஒரு வீடியோ செய்பவருக்கு இதுவே போதும் என்பது என் கணிப்பு.

4:2:2 என்ற சுவர்

ஃபைலை மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் திறந்து மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: கோடெக் (வீடியோவைச் சுருக்கும் முறை) எது, பிட் டெப்த் (நிறத்தைப் பதிவு செய்யும் நுணுக்கம்) 8-ஆ 10-ஆ, குரோமா சப்சாம்ப்ளிங் (நிற விவரத்தை எவ்வளவு குறைத்துப் பதிவு செய்திருக்கிறது என்பது) 4:2:0-வா 4:2:2-வா. கார்டுத் தேர்வில் பாதி இந்த மூன்று வரிகளிலேயே முடிந்துவிடும்.

மொபைல், ஆக்‌ஷன் கேமரா, பெரும்பாலான ட்ரோன்கள் தருவது 4:2:0. எச்.264 8 பிட் ஆனாலும் எச்.265 10 பிட் ஆனாலும், கடந்த சில வருடங்களில் வந்த எந்த நிறுவனத்தின் கார்டும் அதைச் சிரமமில்லாமல் விரிக்கும். மொபைல் வீடியோவில் வேறொரு தொல்லை உண்டு. ஃப்ரேம் ரேட் நிலையாக இல்லாமல் மாறிக்கொண்டே இருந்தால் ஒலியும் உதட்டசைவும் விலகும். அதை எந்த கார்டும் சரிசெய்யாது. எடிட்டிங்குக்கு முன் நிலையான ஃப்ரேம் ரேட்டுக்கு மாற்றிக்கொள்வதுதான் வழி.

மிரர்லெஸ் கேமராக்கள் தரும் 10 பிட் 4:2:2 தான் சுவர். ஆர்டிஎக்ஸ் 40 தலைமுறை வரை வந்த எந்த ஜிஃபோர்ஸ் கார்டிலும், 4090 உட்பட, இதற்கு டிகோடர் கிடையாது. ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 7000 வரிசையிலும் கிடையாது. ஃபைல் ப்ராசசர் தலையில் விழும், டைம்லைன் நொண்டும். விலையுயர்ந்த கார்டு பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும். எச்.265 4:2:2-வை ஹார்ட்வேரில் விரிப்பவை இன்டெல் ஆர்க் கார்டுகள், 11-ஆம் தலைமுறை முதலான இன்டெல் டெஸ்க்டாப் ப்ராசசர்களில் உள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ், 2025-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசை ஆகியவை.

இதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அதே 10 பிட் 4:2:2 எச்.264-இல் பதிவாகியிருந்தால் இன்டெல்லும் பெரும்பாலும் கைவிடும். பானசோனிக் ஜிஹெச்5, சோனியின் எக்ஸ்ஏவிசி எஸ் போன்றவை இப்படித்தான் எழுதுகின்றன. தனி கார்டுகளில் அதை ஆர்டிஎக்ஸ் 50 மட்டும் விரிக்கிறது, அதுவும் எடிட்டிங் மென்பொருளின் புதிய பதிப்பு இருந்தால்தான். ஆனால் உங்கள் கேமராவில் ஆல்-இன்ட்ரா முறை இருந்தால் அவ்வளவு கவலை வேண்டாம். ஒவ்வொரு ஃப்ரேமும் தனித்து நிற்பதால் ப்ராசசருக்கே அது இலகு, ஃபைல் மட்டும் பெருத்துவிடும். ப்ரோரெஸும் அப்படித்தான். விண்டோஸில் அதை ப்ராசசர்தான் விரிக்கும், அதிகம் அலட்டாமல் விரிக்கும்.

இன்டெல் ப்ராசசர் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது: மாடல் எண்ணின் முடிவில் எஃப் இருந்தால், உதாரணமாக ஐ5-12400எஃப், உள் கிராபிக்ஸ் கிடையாது. எஃப் இல்லாத மாடல் கைவசம் இருந்தால் உங்களிடம் ஏற்கெனவே 4:2:2 டிகோடர் இருக்கிறது. ஆனால் தனி கார்டைச் செருகியதும் பல மதர்போர்டுகள் உள் கிராபிக்ஸை அணைத்துவிடும். பயாஸுக்குள் போய் ஐஜிபியு மல்டி-மானிட்டர் என்பதையோ அதற்கு ஒத்த பெயரில் இருப்பதையோ எனேபிள் செய்து, விண்டோஸில் இன்டெல் டிரைவரையும் நிறுவ வேண்டும். பிறகு ப்ரீமியரில் ப்ரெஃபரன்சஸ் பகுதியில் மீடியா என்ற பக்கத்தில் ஹார்ட்வேர் டிகோடிங்குக்கு இன்டெல்லைத் தேர்வு செய்யுங்கள். மானிட்டர் கேபிள் தனி கார்டிலேயே இருக்கட்டும். புது கார்டு வாங்கக் கிளம்பிய சிலருக்கு இந்த ஒரு மாற்றத்திலேயே வேலை முடிந்துவிடும்.

மென்பொருளும் கணக்கில் உண்டு

டாவின்ச்சி ரிசால்வ் நிறத் திருத்தத்துக்காகப் பிறந்த மென்பொருள். ஏறக்குறைய எல்லாக் கணக்கையும் கார்டிலேயே போடும். நல்ல கார்டுக்கு முழு மரியாதை கொடுப்பது இதுதான். ஆனால் இலவசப் பதிப்பில் நாய்ஸ் குறைப்பு இல்லை, ஒரே ஒரு கார்டைத்தான் பயன்படுத்தும், அல்ட்ரா எச்டி 60 ஃப்ரேமோடு நின்றுவிடும். கார்டின் டிகோடரை முழுமையாகப் பயன்படுத்தும் வசதிகளில் பெரும்பகுதியும் ஸ்டூடியோ பதிப்பில்தான். ஆக, இலவசப் பதிப்போடு பெரிய கார்டு வாங்குவதைவிட, ஒரு படி சிறிய கார்டும் ஒருமுறை மட்டும் பணம் கட்டும் ஸ்டூடியோ உரிமமும் சேர்த்து வாங்குவது பெரும்பாலும் புத்திசாலித்தனம். லினக்ஸில் இலவச ரிசால்வ் ஓட்டுபவர்களுக்கு எச்.264, எச்.265 ஃபைல்களை உள்ளே கொண்டுவருவதே பாடு. அங்கே கார்டு பிறகுதான்.

ப்ரீமியர் ப்ரோ பாதி ப்ராசசர், பாதி கார்டு. லூமெட்ரி என்ற நிறத் திருத்தக் கருவி, ப்ளர், அளவு மாற்றம் எல்லாம் கார்டில் ஓடும். வார்ப் ஸ்டெபிலைசர் காட்சியை ஆராயும் கட்டம் ப்ராசசரில் நடக்கும். அதனால் நடுத்தர கார்டுக்கு மேல் போகப் போக லாபம் தேய்ந்துகொண்டே போகும். கேடென்லைவ், ஷாட்கட் போன்றவை எஃபெக்டுகளை முக்கியமாக ப்ராசசரிலேயே ஓட்டுகின்றன. கார்டு அங்கே பெரும்பாலும் எக்ஸ்போர்ட்டுக்குத்தான் உதவும், மலிவான கார்டே போதும்.

விரேம் (கார்டின் மெமரி): கணக்குப் போட்டுப் பார்க்கலாம்

4கே ஃப்ரேம் ஒன்றில் 3840 × 2160, அதாவது ஏறக்குறைய 83 லட்சம் பிக்சல்கள். ரிசால்வ் போன்ற மென்பொருள் ஒவ்வொரு பிக்சலுக்கும் நான்கு சேனல், சேனலுக்கு 32 பிட் என்று வைத்துக்கொள்ளும். பிக்சலுக்கு 16 பைட், ஒரு ஃப்ரேமுக்கு 130 எம்பிக்குச் சற்று மேல். 1080பி ஃப்ரேம் 33 எம்பிதான். 8கே ஃப்ரேம் 530 எம்பி. கேமரா ஃபைல் எவ்வளவு சிறியதாக இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது, ஏனென்றால் கார்டின் மெமரியில் உட்காருவது விரிக்கப்பட்ட படம்.

ஒரு ஃப்ரேம் மட்டும் என்றால் 130 எம்பி ஒன்றுமே இல்லை. ஆனால் டெம்போரல் நாய்ஸ் குறைப்பு முன்னும் பின்னும் உள்ள ஃப்ரேம்களையும் சேர்த்து மெமரியில் வைக்கும். ஐந்து ஃப்ரேம் என்றால் 650 எம்பி தாண்டியாயிற்று. ஒவ்வொரு எஃபெக்டுக்கும் இடைநிலைப் பிரதி ஒன்று, டிகோடர் முன்கூட்டியே விரித்து வைக்கும் ஃப்ரேம்கள், செயற்கை நுண்ணறிவு மாஸ்க்குகளின் மாடல், இவற்றோடு விண்டோஸும் திறந்து கிடக்கும் பிரவுசரும் எடுத்துக்கொள்ளும் பங்கு என்று கூட்டினால் 8 ஜிபி எங்கே போனது என்று தெரியாது. நிரம்பியதும் ரிசால்வ் ஜிபியு மெமரி நிறைந்துவிட்டது என்று சொல்லி நின்றுவிடும். வேறு மென்பொருள்கள் சிஸ்டம் மெமரியைக் கடன் வாங்கி ஆமை வேகத்துக்கு இறங்கும். வேகம் குறைந்த கார்டில் ரெண்டர் மெதுவாகவாவது முடியும். மெமரி போதாத கார்டில் சில நேரம் முடியவே முடியாது. அதனால் இரண்டில் ஒன்றைத்தான் தேர வேண்டும் என்றால் நான் மெமரியைத் தேர்வேன்.

1080பி டைம்லைனுக்கு 6 முதல் 8 ஜிபி தாராளம். 4கே-யில் வெட்டி ஒட்டல், சாதாரண நிறத் திருத்தம் என்றால் 8 ஜிபி சமாளிக்கும், 12 ஜிபி நிம்மதி. 4கே-யில் நாய்ஸ் குறைப்பு, ஃப்யூஷன் (ரிசால்வின் கிராபிக்ஸ் பகுதி), மாஸ்க் என்று அடுக்குபவர்களுக்கும் 6கே ஃபைல் வைத்திருப்பவர்களுக்கும் 16 ஜிபி. 4கே எடிட்டிங்குக்கென்றே புதிதாக வாங்கும் கார்டில் 8 ஜிபியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எதை எடுப்பது

10 பிட் 4:2:2, 4கே, ரிசால்வ் ஸ்டூடியோ என்ற கூட்டணிக்கு ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ-யின் 16 ஜிபி வடிவம் நல்ல நடுப்புள்ளி. இதே பெயரில் 8 ஜிபி வடிவமும் விற்கிறது. பெட்டியில் எழுதியிருப்பதை இரண்டு முறை படியுங்கள். 5070 கணக்கீட்டில் வேகமானது, ஆனால் 12 ஜிபிதான். நாய்ஸ் குறைப்பு தினசரி வேலையாக இருந்தால் 5070 டிஐ, 16 ஜிபி.

செலவைக் குறைக்க வேண்டுமானால் இன்டெல் ஆர்க் பி580: 12 ஜிபி, எச்.265 4:2:2 டிகோட், ஏவி1 (புதிய சுருக்க முறை) என்கோட் மூன்றும் உண்டு. ஆனால் மதர்போர்டில் ரீசைசபிள் பார் (கார்டின் முழு மெமரியையும் ப்ராசசர் நேரடியாக அணுக விடுவது) வசதி இருந்தே ஆக வேண்டும். அது இல்லாத பழைய போர்டில் ஆர்க் கார்டுகள் வெகுவாகத் தளரும். பத்தாம் தலைமுறைக்கு முந்தைய இன்டெல் கணினியில் இதைப் போட நினைக்காதீர்கள்.

ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி வயதானாலும் 4:2:0 ஃபைல்களுக்கு இன்னும் மதிப்புள்ள கார்டு. மெமரி வேகம் நொடிக்கு 360 ஜிபி. அடுத்த தலைமுறை 4060-இல் அது 272, மெமரியும் 8 ஜிபிதான். 4060-க்கு இருக்கும் அனுகூலம் ஏவி1 என்கோடரும் 115 வாட்டில் அடங்கும் குளிர்ச்சியும். 3060-இலும் 8 ஜிபி வடிவம் ஒன்று உலவுகிறது. அதில் மெமரிப் பாதையும் 192 பிட்டிலிருந்து 128 பிட்டாகக் குறைந்துவிட்டது. தள்ளிவிடுங்கள்.

ஏஎம்டி கார்டுகள் கொடுக்கும் விலைக்குத் தரும் மெமரி அதிகம். ரிசால்வில் 4:2:0 அல்லது ப்ரோரெஸ் மட்டும் எடிட் செய்தால் தாராளமாக எடுக்கலாம். கூடா மட்டும் ஏற்கும் ப்ளகின் ஏதாவது உங்கள் வேலையில் இருந்தால் அந்தக் கதவு மூடிவிடும், முன்பே பாருங்கள்.

தவிர்க்க வேண்டியவை: ஜிடி 1030-இல் என்கோடரே கிடையாது. ஆர்எக்ஸ் 6400, 6500 எக்ஸ்டி இரண்டிலும் என்கோடர் இல்லை, ஏவி1 டிகோடும் இல்லை. கேம் அட்டவணையில் இவை சுமாராகத் தெரியும் என்பதால் ஏமாறுவது எளிது. ஜிடிஎக்ஸ் 10 வரிசைக்கான வழக்கமான டிரைவர் மேம்பாட்டை என்விடியா 2025 அக்டோபரோடு நிறுத்திவிட்டது, இனிப் பாதுகாப்புத் திருத்தம் மட்டுமே. 1080 டிஐ எவ்வளவு சல்லிசாகக் கிடைத்தாலும் எடிட்டிங் மென்பொருளின் அடுத்த பதிப்புகள் அதைக் கைவிடக்கூடும்.

ஏவி1 என்கோட் இல்லாததை ஒரு குறையாக நினைக்க வேண்டாம். யூடியூபுக்கு 4கே 30 ஃப்ரேம் வீடியோவை அது பரிந்துரைக்கும் 35 முதல் 45 எம்பிபிஎஸ்-இல் எச்.264-ஆக அனுப்பினாலே போதும். அங்கே எப்படியும் மறுபடி சுருக்குவார்கள்.

பெட்டிக்குள் அடங்குமா

மூன்று விசிறி கார்டுகள் 300 மி.மீ. தாண்டுவது சாதாரணம். கேபினெட்டின் பின்பக்கத் தகட்டிலிருந்து முன் விசிறி வரை அளந்துகொள்ளுங்கள். தடிமனையும் பாருங்கள், இரண்டரை ஸ்லாட் கார்டு கீழே உள்ள ஸ்லாட்டை மறைக்கும்.

மின்சாரத்தில், ஸ்லாட் தருவது 75 வாட், 6 பின் கேபிள் 75, 8 பின் கேபிள் 150. 5060 டிஐ 180 வாட் கேட்கும். அதற்கு 600 வாட் எஸ்எம்பிஎஸ் என்று என்விடியா சொல்வது நியாயமான அளவே. இரண்டு 8 பின் கேட்கும் கார்டுக்கு ஒரே கேபிளின் இரட்டை முனையைச் செருகாமல் இரண்டு தனிக் கேபிள் கொடுங்கள். 16 பின் கனெக்டர் என்றால் இடைவெளி தெரியாத வரை அழுத்திச் செருகுங்கள். கனெக்டரிலிருந்து 35 மி.மீ. வரை கேபிளை வளைக்காதீர்கள். அரைகுறையாகச் செருகினால் உருகிப் போகும் ஆபத்து அதிகம்.

அலுவலகங்களிலிருந்து வரும் சிறிய கணினிகளில் கூடுதல் மின் கேபிளே இருக்காது, உயரமும் பாதிதான். அதற்கு ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபியின் லோ ப்ரொஃபைல் வடிவம் பொருந்தும். 70 வாட், ஸ்லாட்டிலிருந்தே எடுத்துக்கொள்ளும்.

பழைய கார்டு வாங்கினால்

ஜிபியு-இசட் மென்பொருளில் முதலில் பெயரைப் பாருங்கள். பழைய சிப்பின் பயாஸை மாற்றி வேறு பெயரில் விற்கும் போலிகளைப் பெரும்பாலும் அது காட்டிக்கொடுக்கும். மெமரி அளவும் பஸ் அகலமும் சொன்னபடி இருக்கிறதா என்று சரிபார்த்து, ஓசிசிடி-யின் விரேம் சோதனையை ஓட்டுங்கள். கேமில் ஒரு நொடி புள்ளியாக மின்னி மறையும் மெமரிப் பிழை, எக்ஸ்போர்ட் ஆன வீடியோவில் நிரந்தரமாகப் பதிந்துவிடும். ஆர்டிஎக்ஸ் 3080, 3090 என்றால் அரை மணி நேரம் சுமை கொடுத்து மெமரி ஜங்ஷன் வெப்பத்தைக் கவனியுங்கள். 100 டிகிரியைத் தாண்டினால் தெர்மல் பேட் மாற்றும் செலவையும் விலையோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

பொருத்திய பிறகு

பழைய கார்டு வேறு நிறுவனத்தினது என்றால் அதன் டிரைவரை டிடியு (டிரைவரை முழுதாக நீக்கும் மென்பொருள்) கொண்டு சேஃப் மோடில் துடைத்துவிட்டுப் புதியதை நிறுவுங்கள். என்விடியாவில் கேம் ரெடி, ஸ்டூடியோ என்று இரண்டு டிரைவர்கள் உண்டு. எடிட்டிங்குக்கு ஸ்டூடியோ. பெரிய வேலையின் நடுவில் டிரைவரைப் புதுப்பிக்காதீர்கள்.

ரிசால்வில் ப்ரெஃபரன்சஸ், சிஸ்டம், மெமரி அண்ட் ஜிபியு பக்கத்தில் புது கார்டு தேர்வாகியிருக்கிறதா பாருங்கள். டிகோட் ஆப்ஷன்ஸ் பக்கத்தில் ஹார்ட்வேர் டிகோடிங் டிக் ஆகியிருக்க வேண்டும். ப்ரீமியரில் ப்ராஜெக்ட் செட்டிங்ஸில் ரெண்டரர் கூடா அல்லது ஓப்பன்சிஎல் என்று இருக்க வேண்டும். பழைய ப்ராஜெக்டுகளில் இது சாஃப்ட்வேர் ஒன்லி என்றே தங்கிவிடுவதுண்டு, ஒவ்வொன்றாகத் திறந்து மாற்ற வேண்டும்.

திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் உங்கள் கேமராவின் சொந்த ஃபைல்களை வைத்தே பத்து நிமிட டைம்லைன் ஒன்றை முழு எஃபெக்டுகளோடு எக்ஸ்போர்ட் செய்யுங்கள். வீடியோ டிகோட், என்கோட் இரண்டு வரைபடங்களும் அசைய வேண்டும், டெடிகேட்டட் ஜிபியு மெமரி (கார்டின் சொந்த மெமரி) உச்சத்தைத் தொடாமல் இருக்க வேண்டும். ஷேர்டு ஜிபியு மெமரி (கடன் வாங்கும் சிஸ்டம் மெமரி) ஜிபி கணக்கில் ஏறிக்கொண்டே போனால் அந்த கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மெமரி அதிகமுள்ள வடிவத்தை எடுங்கள்.